எதிர்வீட்டு அக்கா எட்டுப் போட்ட கதை

‘லைஃப் கோச்’ என்று அச்சடித்த விசிட்டிங் கார்டு கட்டை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று, செங்கல்பட்டிலிருந்து வந்திருந்த என் மாமனார் அதில் ஒன்றை உருவி எடுத்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். ரயில்வேயில் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர் அவர்.

"கோச்சுன்னா ஏசியா, ஸ்லீப்பராம்மா?" என்றார்.

கிண்டல்தான். ஆனாலும் நான் பொறுப்பாக விளக்கினேன். "ஒருத்தர் வாழ்க்கையில எங்க போகணும்னு நினைக்கிறாரோ, அங்க போய்ச் சேர உதவி பண்றது மாமா."

"அதத்தானே நானும் பண்ணிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டுக் கார்டைத் தன் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். பிறகு அதைச் செங்கல்பட்டில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் காட்டியிருக்கிறார் என்று கேள்வி.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. அப்போது ‘கோச்’ என்றால் கிரிக்கெட் சொல்லித் தருபவர், இல்லாவிட்டால் பத்தாவதுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவர். அலுவலகங்களில் பேசப் போனால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார், "மேடம், உங்க முதல் கிளையன்ட் யாரு?" என்று. ஏதோ ஒரு பெரிய அதிகாரியையோ, தோற்று எழுந்த தொழிலதிபரையோ சொல்லப்போகிறேன் என்று எதிர்பார்ப்பார்கள். என் முதல் ஆள் கல்பாக்கத்தில் எங்கள் எதிர்வீட்டில் இருந்த திருநெல்வேலி அக்கா. ஃபீஸ் என்று அவர் கொடுத்தது தேங்காய்ப்பால் சொதி. நான் புத்தகம் புத்தகமாகப் படித்து வைத்திருந்ததையெல்லாம் அவரிடம்தான் முதலில் பிரயோகித்துப் பார்த்தேன். பாதி பலிக்கவில்லை. ஆனால் அக்கா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் கல்யாணமாகி ஈரோட்டிலிருந்து கல்பாக்கம் டவுன்ஷிப்புக்கு வந்தேன். கணவருக்கு அணு ஆராய்ச்சி வேலை. காலையில் ஊழியர்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் வரிசையாகப் போகும். அதன் பிறகு குழந்தைகள் பள்ளிக்கூடம் போவார்கள். அப்புறம் தெருவில் கேட்பது குக்கர் விசிலும் கடல் காற்றும்தான். மதுரை, கோவை, நாகர்கோவில், தஞ்சாவூர் என்று ஒரு வரிசைக்குள்ளேயே மொத்தத் தமிழ்நாடும் குடியிருந்தது. மத்தியானம் சமையல் வாசனையை வைத்தே எந்த ஊர்க்காரர் வீடு என்று சொல்லிவிடலாம்.

எனக்குப் பொழுது போகவில்லை. தபால் வழியில் உளவியல் எம்.ஏ. சேர்ந்தேன். கூடவே, லட்சியத்தை எப்படி அடைவது, மனசை எப்படித் திருப்புவது என்று போதிக்கிற புத்தகங்களை நூலகத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்து படித்தேன். எல்லாவற்றிலும் ஒரே பாட்டுதான்: லட்சியத்தைத் தெளிவாக எழுது, கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டு, அது ஏன் வேண்டும் என்பதை அழுத்தமாகச் சொல். ‘ஏன்’ பலமாக இருந்தால் ‘எப்படி’ தானாக வரும். எனக்கு இதில் அபார நம்பிக்கை. யார் மேலாவது இதைப் பரீட்சித்துப் பார்க்கக் கை பரபரத்தது. கணவரிடம் முயன்றேன். அவருக்கு லட்சியம் ஒன்றே ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமை தொந்தரவில்லாமல் தூங்குவது. அதை என் உதவியில்லாமலே அடைந்துகொண்டிருந்தார்.

ஈரோட்டில் சைக்கிள் ஓட்டிப் பழகியிருந்ததால், ஒரு பழைய மொபெட் வாங்கி ஓட்ட ஆரம்பித்தேன். புதுப்பட்டினம் கடைத்தெரு, நூலகம், போஸ்ட் ஆபீஸ் என்று சுற்றுவேன். டவுன்ஷிப் வாசலில் நிற்கிற ஆட்டோக்காரர் ஒருவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார்.

"இன்னாம்மா, எல்லாரும் இப்டி சொந்தமா வண்டி வுட்டுகினு போனா எங்க பொழப்பு இன்னாத்துக்கு ஆவறது?"

"நான் ஒருத்திதானே அண்ணே."

"இன்னிக்கி ஒண்ணு. நாளிக்கி எதிர்வூடு, பக்கத்து வூடு. பேஜாராப் பூடும்."

அவர் வாய் பலித்தது. ஒரு மத்தியானம் எதிர்வீட்டு அக்கா கிண்ணத்தில் சொதியோடு வந்தார். அவருக்கு நாற்பத்தைந்துக்குப் பக்கம் இருக்கும். நல்ல உயரம், கனத்த குரல், வாய் நிறையச் சிரிப்பு. கணவர் ஷிஃப்ட் வேலைக்காரர். மகள் வெளியூரில் கல்லூரி விடுதியில் இருந்தாள். கிண்ணத்தைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, வாசலில் நின்ற என் மொபெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏட்டி, இந்தச் சவத்த எனக்கும் ஓட்டச் சொல்லித் தருவியா?"

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் புத்தகத்தில் படித்தபடி நிதானமாகத்தான் தொடங்கினேன். "தரேன்க்கா. முதல்ல சொல்லுங்க, ஏன் கத்துக்கணும்னு தோணுது?"

"சும்மாதான்."

"சும்மான்னு இருக்க முடியாதுக்கா. ஆழமா யோசிங்க. சுதந்திரமா இருக்கணும்னா? தன்னம்பிக்கை வேணும்னா?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? வண்டி கேட்டா என்னமோ வாழ்த்து அட்டைல எழுதுத மாதிரி பேசுத."

"சரி, வண்டி ஓட்டத் தெரிஞ்சா எங்க போவீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "மகாபலிபுரம்."

"அங்க என்ன இருக்கு?"

"எல்லாருக்கும் அங்கன பாக்க என்னமோ இருக்கு. போவணும்னு தோணுதுட்டி, விடேன்."

‘ஏன்’ பலமாக இல்லை என்று மனசுக்குள் குறித்துக்கொண்டு, சரி, போகப் போகப் பலப்படுத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அக்கா சைக்கிள்கூட ஓட்டியதில்லை. அதனால் பாடம் பேலன்ஸிலிருந்து தொடங்கியது. குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரத்தில் விளையாட்டு மைதானம் காலியாக இருக்கும். அங்கே போவோம். முதல் சிக்கல் புடவை. முந்தானையை இழுத்துச் செருகி, கீழே மடிப்புக்கு ஊக்குப் போட்டு உட்கார்ந்தால், காலைத் தரையில் ஊன்றும்போதெல்லாம் ஊக்கு தெறிக்கும். மகளுடைய சுடிதார் ஒன்று பீரோவில் இருந்தது. அதைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அந்த வயதில் ஒருத்தர் சுடிதார் போடுவது அன்றைக்கு எங்கள் தெருவில் சின்ன விஷயமில்லை. அக்கா அதைப் போட்டு, அதன் மேல் புடவையையும் சுற்றிக்கொண்டு மைதானம் வரை வந்து, அங்கே புடவையை அவிழ்த்து மடித்து வேப்பமரக் கிளையில் தொங்கவிட்டார். திரும்பும்போது மறுபடி சுற்றிக்கொண்டு வீட்டுக்கு. கொஞ்ச நாளில் அந்தச் சடங்கு அவருக்கே அலுத்துவிட்டது. சுடிதாரோடு தெருவில் நடக்க ஆரம்பித்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தஞ்சாவூர் மாமி மட்டும் எங்கே தைத்தது என்று விசாரித்தார்.

அவருடைய கணவருக்கு விஷயம் தெரிந்தபோது சிரித்தார். நல்ல மனிதர். "இவளுக்கு எதுக்கு வண்டி? எங்க போவணும்னாலும் நான் கூட்டிட்டுப் போறேன்லா."

"எப்பம்?" என்றார் அக்கா.

"ஞாயித்துக்கெழம."

"எந்த ஞாயித்துக்கெழம?"

 அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. பேச்சு கருவாட்டுக் குழம்புக்குத் திரும்பிவிட்டது.

ஓரளவு நேராக ஓட்ட ஆரம்பித்த சமயத்தில்தான் அக்கா விழுந்தார். மைதானத்தின் ஓரத்தில் திரும்ப வேண்டிய இடத்தில் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரைத் திருகிவிட்டார். வண்டி செம்பருத்தி வேலிக்குள் பாய்ந்தது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவுக்கு முட்டியில் நல்ல சிராய்ப்பு. தலை முழுக்கச் செம்பருத்தி இலை. எழுந்து உட்கார்ந்து, "போதும்" என்றார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

இதுதான் என் வித்தைக்கான நேரம் என்று நினைத்தேன். ஒரு தாளில் சிவப்பு மையில் ‘நான் ஓட்டுவேன்’ என்று பெரிதாக எழுதி, அக்கா வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு வந்தேன். காலையும் மாலையும் அதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். இரண்டொரு நாளில் தாள் காணாமல் போனது. கேட்டதற்கு, "எங்க வீட்ல இருக்கவுக அதப் பாத்துட்டு, ‘நான்’னா யாருன்னு கேட்டாவ. அவுகளத்தான் ஓட்டச் சொல்லுதோம்னு நெனச்சுக்கிட்டாவ. சும்மா வம்பெதுக்குன்னு கிழிச்சுட்டேன்" என்றார். பிறகு நான் ஒரு மணி நேரம் பேசினேன். தோல்வி என்பது படிக்கட்டு, பயம் என்பது நிழல், இந்த மாதிரி. அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டே கொத்தவரங்காய் நறுக்கி முடித்தார்.

அவரைத் திரும்ப மைதானத்துக்குக் கொண்டுவந்தது என் பேச்சு இல்லை. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் காய் வாங்கப் புறப்பட்ட நான், என் வீட்டு வாசலிலேயே சேற்றில் வழுக்கி, வண்டியோடு சேர்ந்து அழகாகச் சாய்ந்தேன். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். தெருவே திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. அக்கா ஓடி வந்து தூக்கிவிட்டார். சேற்றைத் துடைத்துவிட்டார். காப்பி போட்டுக் கொடுத்தார். இடையிடையே சிரிப்பு அடங்காமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் சுடிதாரோடு வாசலில் நின்றார். "நீயே விழுத. அப்பம் விழுதது ஒரு பெரிய விசயமில்ல போலுக்கு. வா."

அன்றைக்கு எனக்குப் புரிந்ததை விட, பின்னால் வேலை செய்யச் செய்யப் புரிந்ததுதான் அதிகம். பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நம் வெற்றிகளைச் சொன்னால் கைதட்டுவார்கள். சொதப்பல்களைச் சொன்னால்தான் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்காருவார்கள்.

அந்த நாட்களில் ஒருநாள், மைதானத்து வேப்பமர நிழலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, மகாபலிபுரம் பேச்சை மறுபடி எடுத்தேன். "இத்தனை வருஷமா இங்க இருக்கீங்க. பார்க்காத மகாபலிபுரமாக்கா?"

"பாக்கலட்டி" என்றார் சாதாரணமாக.

நான் நம்பவில்லை. கோடை விடுமுறை வந்தால் அவர் வீட்டுக்குத் திருநெல்வேலியிலிருந்து உறவுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அவர்களை வேன் வைத்து மகாபலிபுரம் கூட்டிப்போவது ஒவ்வொரு தடவையும் நடப்பதுதான். அதைச் சொன்னேன்.

"போயிருக்கேன். பாக்கல. வெள்ளன எந்திச்சுப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டணும். அங்கன போயி எறங்கினதும் எல்லாரும் சிலை பாக்கப் போயிருவாவ. சாப்பாட்டக் கொரங்கு தூக்கிராம யாராவது பாத்துக்கிடணும்லா? நான்தான் மரத்தடில உக்காந்திருப்பேன். கடலுக்குப் போனா, எல்லாரும் தண்ணிக்குள்ள எறங்குவாவ. செருப்பு, பை, கைக்கடியாரம் எல்லாம் என் மடியில. ‘அத்தே, பாத்துக்கோங்க’ன்னு போட்டுட்டு ஓடும் பிள்ளைங்க. எந்தப் பிள்ளைக்கு என்ன செருப்புன்னு கேளு, சொல்லுதேன். அங்க என்ன சிலை இருக்குன்னு கேட்டா தெரியாது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அழுகையெல்லாம் ஒன்றுமில்லை. தண்ணீர் பாட்டிலை மூடி வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.  ‘ஏன்’ பலமாக இல்லை என்று குறித்துக்கொண்டவள் நான். அவர் அதை முதல் நாளே சொல்லிவிட்டார். என் புத்தகத்துப் பாஷையில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு லைசென்ஸ். அதற்குச் செங்கல்பட்டு போக வேண்டும். சோதனைக்கு வண்டி வேண்டும் என்பதால், பஸ்ஸில் நாங்கள் இருவரும், என் மொபெட்டில் அக்காவின் கணவருமாகத் திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். அவருக்கு அந்தச் சின்ன வண்டி பொருந்தவே இல்லை. முட்டி இரண்டும் காதுக்கு வந்தது. பஸ் அவரைத் தாண்டும்போதெல்லாம் அக்கா ஜன்னல் வழியாகக் கையசைத்தார்.

சோதனை மைதானத்தில் எட்டுப் போட வேண்டும். இரண்டு வட்டமும் நடுவில் ஒரு குறுக்கும், காலைத் தரையில் ஊன்றாமல். நாங்கள் நேராக ஓட்டவும் நிறுத்தவும் நன்றாகப் பழகியிருந்தோம். எட்டைப் பற்றி நான் அவ்வளவாக யோசிக்கவில்லை. அக்கா தொடங்கினார். முதல் வட்டம் பிரமாதம். குறுக்கே வெட்டித் திரும்ப வேண்டிய இடத்தில் வண்டி திரும்ப மறுத்தது. அதே வட்டத்தில் மறுபடி போனார். மறுபடியும் போனார். இன்ஸ்பெக்டர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, எட்டுப் போடச் சொன்னா சைபர் போட்டுட்டே இருக்கீங்களே" என்றார் கடைசியில். கோபமாக இல்லை. அவருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. "நல்லாப் பழகிட்டு அடுத்த தடவை வாங்க."

திரும்பி வருகிற வழியில் பஸ்ஸில் என் வாய் சும்மா இருக்கவில்லை. தன்னம்பிக்கை, விடாமுயற்சி என்று ஆரம்பித்தேன். அக்கா காதில் வாங்கவில்லை. விரலால் தன் மடியில் எதையோ வரைந்துகொண்டே வந்தார். மறுநாள் மைதானத்துக்கு ஒரு டப்பா கோலமாவு வந்தது. குனிந்து, பின்னாலேயே நடந்து நடந்து, ஒரு பெரிய எட்டை இழுத்தார். அத்தனை வருஷம் வாசலில் சிக்குக் கோலம் போட்ட கை. எங்கேயும் கோணல் இல்லை. இரண்டு வட்டத்தின் நடுவிலும் ஒவ்வொரு புள்ளி வைத்தார்.

"கோலத்துல இழை இந்தப் புள்ளியச் சுத்தித் திரும்பும்லா. வண்டியும் அப்பிடித்தான். நான் வண்டியப் பாத்துக்கிட்டு இருந்தேன். புள்ளியப் பாக்கல."

மாவுக் கோட்டின் மேலேயே ஓட்டினார். காற்றில் மாவு கலைந்தால் மறுபடி போட்டார். எறும்புகளுக்கு அந்த மாதம் நல்ல சாப்பாடு. அடுத்த தடவை செங்கல்பட்டில் அவர் போட்ட எட்டைப் பார்த்து, வரிசையில் நின்ற காலேஜ் பையன்கள் விசில் அடித்தார்கள். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். வேலிக்கு வெளியே நின்ற அக்காவின் கணவர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஓட்டலில் எங்களுக்குப் பூரி வாங்கிக் கொடுத்தார். "எங்க வீட்ல எனக்கு லைசென்ஸ் இல்ல, இவளுக்கு இருக்கு" என்று சப்ளையரிடம்கூடச் சொன்னார். அவருக்கும் லைசென்ஸ் இருந்தது. சந்தோஷத்தில் சொன்ன பொய்.

அக்கா சொந்தமாக வண்டி வாங்கினார். பச்சை நிறம். நான் மகாபலிபுரம் பயணத்துக்குத் திட்டம் போட ஆரம்பித்தேன். நான் முன்னால், அவர் பின்னால், எங்கே நின்று ஓய்வெடுப்பது என்பது வரைக்கும். சொன்னதும் அக்கா, "நீ வராத" என்றார்.

"என்னது?"

"நீ வந்தா, எனக்குத் தாகமா இருக்கான்னு நீ கேப்ப. உனக்குப் பசிக்கான்னு நான் கேப்பேன். திரும்பவும் ஆளப் பாத்துக்கிடுத வேலைதான். நான் மட்டும் போயிட்டு வாரேன்."

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் மறுக்க என்ன இருக்கிறது? ஒரு வாரநாள் காலை, கணவர் வேலைக்குப் போனதும், சுடிதாரும் துப்பட்டா முக்காடுமாக அக்கா கிளம்பினார். சாப்பாட்டுக் கூடை இல்லை. ஒரு சின்ன கைப்பை மட்டும். தெருமுனையில் சவுக்குத் தோப்புப் பக்கம் திரும்பி மறைகிற வரை நின்று பார்த்தேன்.

அப்போது எங்கள் யாரிடமும் செல்போன் கிடையாது. மத்தியானம் ஆனது. வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. லாரி, மணல், திருப்பம், நாய் என்று மனசு என்னென்னவோ காட்டியது. பிறருடைய பயத்தைப் போக்குவது பற்றிப் பரீட்சை எழுதி நல்ல மார்க் வாங்கியிருந்தேன். அந்த மார்க் ஒன்றுக்கும் உதவவில்லை. டவுன்ஷிப் வாசலுக்கே போய்விட்டேன். அந்த ஆட்டோக்காரர் அப்போதுதான் மகாபலிபுரம் சவாரி முடித்துத் திரும்பியிருந்தார்.

"அண்ணே, எங்க எதிர்வீட்டு அக்காவ அங்க பார்த்தீங்களா? பச்சை வண்டி."

"பாக்காம இன்னா? அஞ்சு ரதத்தாண்ட குந்திகினு ஐஸ் சாப்டுகினு கீது. தனியாக் கீதேன்னு ‘இன்னாம்மா, எதுனா ஒதவி வேணுமா’ன்னு கேட்டேன். ‘ஒண்ணும் வேணாம், நீ போ’ன்னு கையக் காட்டிச்சி. ராணியாட்டம் குந்திகினு கீதும்மா. நீ வூட்டுக்குப் போய்த் துன்ற வேலயப் பாரு."

வெயில் தாழ்ந்த பிறகு பச்சை வண்டி வந்தது. அக்காவின் முகம் வெயிலில் கன்றிச் சிவந்திருந்தது. உள்ளே வந்து மின்விசிறிக்கு அடியில் தரையில் உட்கார்ந்தார். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். பிறகு பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

"ஏட்டி, அந்தப் பெரிய பாறைல, யானைக்குக் கீழ ஒரு பூன நிக்கி. ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு ஒத்தக் கால்ல தவம் பண்ணுது. சுத்தி எலி எல்லாம் கும்பிட்டுக்கிட்டு நிக்கி. கள்ளத் தவசு! செதுக்கினவனுக்கு எம்புட்டுக் குசும்பு பாரு. அந்தப் பக்கம் ஒரு மான், பின்னங்கால வச்சு மூக்கச் சொறியுது. கல்லுல! அதுக்கு நேரா எதுத்தாப்பலதான் நான் எத்தன வருசமா உக்காந்து புளியோதரைக்குக் காவல் இருந்திருக்கேன். நடுவுல கூட்டம் நின்னு மறைக்கும். தலைதான் தெரியும்."

பூனை மாதிரியே கையைத் தூக்கிக் காட்டினார். அந்த நேரத்தில் வேலை முடிந்து அவர் கணவர் வாசலில் வந்து நின்றார். பூனையைப் பார்த்துச் சிரித்தார். "நானும் பாத்ததில்லியே" என்றார். "அவ்வளவு தடவை போயிருக்கேன். பிள்ளைங்கள எண்ணுறதுக்கே நேரம் போயிரும்."

"ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போறேன்" என்றார் அக்கா. கூட்டியும் போனார். கணவர் பின் சீட்டில் உட்கார்ந்து போனதைத் தெருவே வேடிக்கை பார்த்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் என் தொழிலுக்கு மிகவும் வசதி. அடுத்து அக்கா டிரைவிங் ஸ்கூல் தொடங்கினார், பல பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார் என்று நான் சொல்லிக்கொள்ளலாம். நடந்தது வேறு. சில வருடம் புதுப்பட்டினம், கோயில், மார்க்கெட் என்று ஓட்டினார். மகளுக்கு வேலை கிடைத்ததும், ஒருநாள் வண்டியை அவளுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். நான் பதறிப்போய் ஓடினேன்.

"என்னக்கா, இவ்வளவு கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டு?"

"கத்துக்கிட்டாச்சு. போயிட்டு வந்தாச்சு. பஸ்ஸுல சன்னலோரம் உக்காந்து போறதும் எனக்குப் பிடிச்சுதானே இருக்கு? வண்டில போனா ரோட்டத்தான பாக்கணும்."

"அடுத்து ஏதாவது…"

"அடுத்து என்னட்டி அடுத்து? ஒரு சோறு உண்டு முடிச்ச ஒடனே அடுத்த பந்திக்கு எல போடுத நீ."

எனக்கு அது பிடிக்கவில்லை என்பதே உண்மை. நான் அதற்குள் வகுப்புகள் எடுக்க ஆரம்பித்திருந்தேன். ஒரு லட்சியம் முடிந்த கையோடு அடுத்ததை வைக்க வேண்டும் என்று மறைமலை நகர் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பேசிக்கொண்டிருந்தேன். அக்கா சொன்னது சோம்பேறித்தனம் என்றுதான் கொஞ்ச நாள் நினைத்தேன். இன்றைக்கும் முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓட்டாமலே விட்டதில், மறுபடி ஒருநாள் அவசரத்துக்கு என் வண்டியை எடுத்தபோது அக்கா தெருமுனைக்குள் இரண்டு தடவை காலை ஊன்றினார். "விட்டது தப்பு போலுக்கு" என்று அவரே முனகினார். யாருக்கும் எல்லாமும் சரியாகத் தெரிவதில்லை.

அவர் கணவர் ஓய்வு பெறப்போகிற வருடம், பொத்தேரியில் ஒரு கல்லூரி விடுதி மாணவிகளுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். அக்காவையும் கூட்டிப் போனேன். மேடையில் நான் ஒரு நீண்ட அறிமுகம் வைத்திருந்தேன். அக்கா மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, நேராகச் செம்பருத்தி வேலியில் விழுந்ததிலிருந்து தொடங்கினார். சைபர் போட்ட இடத்தில் அரங்கமே குலுங்கியது.

செய்யூரிலிருந்து வந்து படிக்கிற ஒரு பெண் எழுந்தாள். "ஆன்ட்டி, உங்களுக்கு அப்புறம் பயமே போயிடுச்சா?"

"எங்க போச்சு? பெரிய லாரி வந்தா அப்பமும் பயந்தான். ஓரமா ஒதுங்கி, அது போனப்பறம் போவேன்."

இன்னொருத்தி கேட்டாள். "உங்க அடுத்த லட்சியம் என்ன ஆன்ட்டி?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். "இங்க நல்ல சாப்பாடு போடுவாவன்னு இவ சொன்னா. சாப்பிட்டு, போற வழியில பஸ்ஸுல தூங்கணும்."

கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது. நானும் சேர்ந்து தட்டினேன். திரும்புகிற பஸ்ஸில் அக்கா சொன்னபடியே என் தோளில் சாய்ந்து தூங்கினார். எனக்கோ தூக்கம் வரவில்லை. அந்தப் பெண்கள் ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம் என்று பெரியவர்கள் யாருமே அதுவரை அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

அக்கா குடும்பம் திருநெல்வேலிக்குப் போய்விட்டது. என் வகுப்புகளில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டேன். லட்சியத்தை எழுதச் சொல்வேன், ஒட்டவும் சொல்வேன். ஆனால் ‘அடுத்து என்ன’ என்று கேட்பதற்கு முன்னால், "இது கிடைச்ச அன்னைக்குச் சாயங்காலம் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்க ஆரம்பித்தேன். பலரும் திணறுவார்கள். ட்ரீட் கொடுப்பேன் என்பார்கள் முதலில். அதற்குப் பிறகு என்றால் பேனாவை மூடிவிடுவார்கள்.

சிறுசேரி அலுவலகம் ஒன்றில் டீம் லீடராக இருந்த ஓர் இளைஞர், பதவி உயர்வுதான் தன் லட்சியம் என்று அழகாக எழுதியிருந்தார். சாயங்காலக் கேள்விக்கு மட்டும் இடத்தைக் காலியாக விட்டிருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் சில நாள் கழித்துக் கூப்பிட்டார். சுற்றிலும் ஒரே இரைச்சல்.

"மேடம், சாயங்காலம் நேரத்தோட வீட்டுக்குப் போய்ப் பாப்பாவக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போவேன்னு எழுதினேன். எழுதி முடிச்சதும்தான் பார்த்தேன், அதுக்குப் ப்ரமோஷன் எதுக்கு? கிளம்பிட்டேன். பஸ்ல இருக்கேன்."

"அப்போ ப்ரமோஷன் வேண்டாமா?" என்று கேட்டேன்.

"ஐயோ, வேணும் மேடம்! அது நாளைக்கு…"

அவர் இன்னும் ஏதோ சொன்னார். கேளம்பாக்கம் வந்துவிட்டது, இறங்குகிறவர்கள் சீக்கிரம் இறங்குங்கள் என்று கண்டக்டர் போட்ட சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.